டெல்மரை ஏற்றிக்கொள்ள மாட்டோம்

நன்றாக ஓடுகிற பிக்கப் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு ரயிலில் போகிற மனிதரை எங்கள் டில்லர்ட் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். நானும் நம்பவில்லை.

டெல்மர் நைகார்ட் என் பக்கத்து வீட்டுக்காரர். வயது எழுபத்தொன்று. முப்பத்தெட்டு வருஷம் தீவன ஆலைக்கு லாரி ஓட்டியவர். அவருடைய மனைவி ஆர்லிஸ் ஞாபக மறதி முற்றிப்போய், ஒன்றரை வருஷமாக நகரத்தில் ஒரு காப்பகத்தில் இருக்கிறாள். தொண்ணூறு மைல் தூரம். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டெல்மர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஏப்ரல் வரைக்கும் பிக்கப்பில் போய்க்கொண்டிருந்த மனிதர், ஏப்ரலுக்குப் பிறகு திடீரென்று ரயிலுக்கு மாறினார். ஏன்?

என் சமையலறை ஜன்னல் அவர் வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. அது வீட்டைக் கட்டியவன் செய்த வேலை, அதற்கு நான் பொறுப்பல்ல. காலை ஏழரைக்கு டெல்மர் வெளியே வருவார். பிக்கப்பில் ஏறி இன்ஜினைக் கிளப்பிப் பத்து நிமிஷம் உறுமவிடுவார். வாசல் நீளத்துக்குப் பின்னால் போவார், முன்னால் வருவார், அணைப்பார். பிறகு கதவைப் பூட்டித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வண்டியைக் கழுவுவார். எங்கும் போகாத வண்டியில் என்ன அழுக்கு இருக்கும்?

எதிர்வீட்டு ஜானிஸ், ரயிலில் யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்றாள். இரும்புச் சாமான் கடை வெண்டல் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "ரயில்ல போறவன் ஒண்ணு காரே தொடாத, தாடி வச்ச ஆமிஷ்காரனா இருக்கணும், இல்லேன்னா குடிச்சிட்டு ஓட்டி லைசென்ஸைத் தொலைச்சவனா இருக்கணும். டெல்மருக்குத் தாடி இல்லை. அப்புறம் நீங்களே பாத்துக்குங்க" என்றார். டெல்மருடைய மறுசுழற்சித் தொட்டியின் மூடி ஒருநாள் காற்றில் திறந்துகொண்டது. போகிற போக்கில் எட்டிப் பார்த்தேன். ஒரு பாட்டில்கூட இல்லை. அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

செப்டம்பரில் ஸ்டேஷன் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். எங்கள் பக்கத்துச் சாலை, பாலம், ரயில் எல்லாவற்றையும் மேய்ப்பது நான்கு மாவட்டக் கூட்டுப் போக்குவரத்து ஆணையம். டில்லர்ட் ரயிலுக்கு அரசுப் பணம் தொடர வேண்டுமா, ரயிலை நிறுத்திவிடலாமா என்று ரயில் பயணிகளிடம் ஆணையம் கருத்துக் கேட்கப்போகிறதாம். கேட்கிற இடம் ஊருக்கு வெளியே நான்கு மைலில் இருக்கிற ஆணையத்தின் புது மண்டபம். அதற்கு பஸ் கிடையாது, நடைபாதையும் கிடையாது. தண்டவாளம் மட்டும் மண்டபத்தின் பின்சுவரை உரசிக்கொண்டு போகிறது. ரயில் அங்கே நிற்காது.

அன்று சாயங்காலம் டெல்மர் என் கதவைத் தட்டினார்.

"லவோன், அந்தக் கூட்டத்துக்குப் போறியா?"

"போறதா இல்லையே. ஏன்?"

"போனா என்னையும் கூட்டிட்டுப் போ."

"உங்க வண்டிக்கு என்ன வந்துச்சு?"

"இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏத்தற பம்ப்பு போயிடுச்சு."

"காலைலதான உறுமிட்டிருந்துச்சு?"

"மத்தியானம் போச்சு."

போவதாக முடிவு செய்தேன். பொய்யை இவ்வளவு மோசமாகச் சொல்கிற ஒருவர் எதை மறைக்கிறார் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது.

மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம். ஆணையத்தில் ஏழு உறுப்பினர்கள், வாசலில் ஏழு கார்கள். அவர்களில் இருவர் கணவன் மனைவி. ஒரே வீட்டிலிருந்து, ஒரே நேரத்தில் புறப்பட்டு, இரண்டு காரில் வந்திருந்தார்கள். மைலுக்கு இவ்வளவு என்று படி உண்டாம். ரயிலில் வந்தால் படி இல்லை என்பதோடு மூன்று பேரிடம் கையெழுத்தும் வாங்க வேண்டுமாம்.

இயக்குநர் ஹால்வர்சன் எழுந்தார். சட்டைப் பையில் நான்கு பேனா வைத்திருப்பவர்.

"முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் ரயிலுக்கு எதிரி இல்லை. சின்ன வயசுல பொம்மை ரயில் வச்சிருந்தேன். அப்பவே அதுக்கு எவ்வளவு பேட்டரி ஆகுதுன்னு கவனிச்சிருக்கேன்."

பிறகு திரையில் ரயிலின் நஷ்டத்தைக் காட்டினார். நஷ்டம் மேலிருந்து கீழே வந்துகொண்டே இருந்தது. முதல் வரியிலேயே எனக்கு இடறியது.

"ஸ்டேஷன்ல நூத்தியிருபது கார் நிறுத்த இடமா? ஏறுறதே ஒரு நாளைக்கு முப்பது பேர்தானே?"

"விதிம்மா. ஸ்டேஷன்னா நூத்தியிருபது. தார் போடறது, விளக்கு, பனி வழிக்கிறது எல்லாம் சேர்ந்து ரயில் செலவு."

"கார் நிறுத்துற இடம் எப்படிங்க ரயில் செலவாகும்?"

"அந்தக் கார் ஓடலையே. நிக்குது. ஓடற கார்தான் சாலைக் கணக்கு. நிக்கற கார் எதுக்காக நிக்குதோ அதோட கணக்கு."

அடுத்த வரியில் ஒரு மேம்பாலம் இருந்தது. நான்கு வழிச் சாலை தண்டவாளத்தைத் தாண்டுகிற பாலம். அதில் ரயில் ஒருநாளும் போனதில்லை, கீழேதான் போகிறது.

"தண்டவாளம் இல்லேன்னா இந்தப் பாலமே தேவையில்லையே? அதனால ரயில் கணக்கு" என்றார் ஹால்வர்சன்.

அதுவரை சும்மா இருந்த டெல்மர் தொண்டையைச் செருமினார். "சாலை இல்லேன்னாலும் பாலம் தேவையில்லையே சார்?"

"அது தத்துவம். நாம இங்க நிதியைப் பத்திப் பேசறோம்."

கடைசி வரியில், இந்தக் கூட்டத்துக்கு ஏழு பேர் ஏழு காரில் வந்த படி. அதுவும் ரயில் கணக்கு. ரயிலின் நஷ்டத்தைப் பற்றி எத்தனை முறை கூடுகிறார்களோ அத்தனை முறை நஷ்டம் கூடும். எனக்கு வாய் அரித்தது.

"சரிங்க. சாலையில எவ்வளவு நஷ்டம்?"

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஏதோ பாதிரியாரின் சம்பளத்தை விசாரித்துவிட்ட மாதிரி இருந்தது.

"சாலைக்கு நஷ்டமே கிடையாதும்மா" என்றார் இயக்குநர், பொறுமையாக. "நஷ்டம்னா என்ன? வரவு பத்தாம போறது. ரயில்ல டிக்கெட் விக்கறோம். வரவு வருது, பத்தலை. நஷ்டம். சாலையில டிக்கெட்டே விக்கறதில்லை. வரவே இல்லாத இடத்துல வரவு எப்படிப் பத்தாம போகும்?"

"பெட்ரோல்ல வரி வாங்கறீங்களே?"

"அது பாதிக்குக்கூட வராது."

"மிச்சப் பாதி?"

"பொது நிதி. பொது நிதின்னா எல்லாரோடதும். எல்லாரோடதும்னா தனியா யாரோடதும் இல்லை. யாரோடதும் இல்லாத பணம் எப்படி நஷ்டமாகும்? அதுக்குப் பேர் முதலீடு."

"அப்ப ரயில்லயும் டிக்கெட் விக்காம விட்டுட்டா அதுவும் முதலீடாயிடுமா?"

"அது தர்மம் பண்ற மாதிரிம்மா. ஆணையம் தர்மம் பண்ணக் கூடாது."

பின்னால் யாரோ கைதட்டினார்கள். எந்தப் பக்கத்துக்கு என்று தெரியவில்லை.

முடிவில் விதியைச் சொன்னார்கள். ரயிலில் போகிறவர்களில் இரண்டு ஜாதி உண்டு. வேறு வழியே இல்லாமல் போகிறவர் நிர்ப்பந்தப் பயணி. வேறு வழி இருந்தும் போகிறவர் விருப்பப் பயணி. அவர் ஆசைக்குப் போகிறார், அவருக்காக அரசு செலவழிக்க வேண்டியதில்லை. நிர்ப்பந்தப் பயணிகள் பன்னிரண்டு பேராவது இருந்தால் ரயில் ஓடும். இல்லாவிட்டால் நவம்பர் கடைசியோடு சரி.

அடுத்த வாரம் ஸ்டேஷனில் கணக்கெடுப்பு நடந்தது. எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லாததால் சீக்கிரமே போய்விட்டேன். கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தாள். முதலில் மாட்டியவர் மோஸஸ் ஹெர்ஷ்பெர்கர். ஆமிஷ்காரர், அவர்கள் சபையில் காரை ஓட்டுவதும் வைத்திருப்பதும் பாவம்.

"வாகனம் இருக்கா?"

"கார் கிடையாதும்மா."

"காரான்னு கேக்கலைங்க. வாகனம்."

மோஸஸ் பொய் சொல்லத் தெரியாதவர். "குதிரை வண்டி இருக்கு."

"ஓடற நிலையில?"

"குதிரை நல்லா இருக்கு, கர்த்தர் புண்ணியத்துல."

"விருப்பப் பயணி" என்று தட்டினாள்.

"அம்மா, நகரத்துக்குத் தொண்ணூறு மைல். குதிரை வழியிலயே செத்துப்போகும்."

"தூரத்துக்குக் கட்டம் இல்லைங்க."

அடுத்தது டெல்மர். "வாகனம்?"

"பிக்கப்."

"ஓடுதா?"

டெல்மர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ரயில் அட்டவணையைப் படிப்பதுபோல் நின்றேன். அதில் மொத்தம் இரண்டு ரயில்தான், ஒன்று போவது, ஒன்று வருவது.

"ஜோரா ஓடுது" என்றார்.

"பெட்ரோல் பம்ப்பு?" என்று கேட்டேன், அட்டவணையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"சரி பண்ணியாச்சு."

"பயணத்தோட நோக்கம்?" என்றாள் அந்தப் பெண்.

"பொண்டாட்டியப் பாக்க."

அவள் மேலும் கீழும் தேடினாள். "அப்படி ஒண்ணு இல்லையே. இயற்கைக் காட்சி, விமான பயம், பொழுதுபோக்கு. பொழுதுபோக்குன்னு போட்டுடட்டா?"

டெல்மர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ப் பத்திரிகையில் முடிவு வந்தது. நிர்ப்பந்தப் பயணிகள் பதினொரு பேர்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டெல்மர் பிக்கப்பில் உட்கார்ந்திருந்தார். இன்ஜின் ஓடவில்லை. கையில் பத்திரிகை. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தார். வெறுங்கையோடு போய் விசாரிப்பது எங்கள் ஊரில் அநாகரிகம் என்பதால் பூசணிக்காய் கேக்கில் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு போய், மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க. பொண்ணா, குடியா?"

"என்னது?"

"ஊர்ல ரெண்டு கட்சி இருக்கு. நான் இன்னும் எதுலயும் சேரலை."

அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏப்ரல்ல கேரேஜ்ல விழுந்துட்டேன் லவோன். கண் முழிச்சுப் பாத்தா கன்னத்துல ஸ்பானர் அச்சு பதிஞ்சிருக்கு. வலிப்புன்னாரு டாக்டர். மே மாசம் இன்னொரு தடவை வந்துச்சு. லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டேன். இனிமே கிடைக்காது."

"யாருக்கும் தெரியாதா?"

"உனக்கே தெரியலைன்னா வேற யாருக்குத் தெரியும்?"

இதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே. அந்தப் பொண்ணுகிட்ட ஓட்ட முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பன்னிரண்டு ஆயிருக்கும்."

"முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினவன். ஓட்ட முடியாதுன்னு சொன்னா குடிகாரன்னு நினைப்பாங்க."

"ஏற்கெனவே அப்படித்தான் நினைக்கிறாங்க."

கேக்கை அவர் தொடவில்லை. "மூணு நாளுக்கு மேல போகலேன்னா ஆர்லிஸ் என்னைத் தெரியாதுங்கறா. ஈஸ்டருக்குப் பனி விழுந்து ஒரு வாரம் போக முடியலை. அப்புறம் போனப்ப, யார் வேணும்னு கேட்டா. ரொம்ப மரியாதையா. திரும்பக் கொண்டுவர ரெண்டு மாசம் ஆச்சு."

திங்கட்கிழமை காலை அவரை ஆணையத்தின் அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். பயணி வகை மாற்றும் பிரிவு கட்டடத்தின் பக்கவாட்டில், காரில் இருந்தபடியே பர்கர் வாங்கும் ஜன்னல் மாதிரி ஒரு ஜன்னலில் நடக்கிறது. நடந்து வருகிறவர்களுக்குப் பாதுகாப்புக் காரணங்களால் ஜன்னல் திறக்கப்படாது என்று பலகையில் எழுதியிருந்தது. காரை ஒட்டி நிறுத்தினேன். உள்ளே இருந்த அம்மாள் டெல்மர் நீட்டிய மருத்துவச் சான்றிதழைப் பார்த்தாள், பிறகு என் காரைப் பார்த்தாள்.

"இவரு நிர்ப்பந்தப் பயணி ஆக முடியாதுங்க. கார்ல வந்திருக்காரே."

"நடந்து வந்தா ஜன்னலைத் திறக்க மாட்டீங்களே."

"ஆமா."

"அப்ப கார்லதான வந்தாகணும்?"

"கார்ல வர முடிஞ்சா நிர்ப்பந்தம் எங்க இருக்கு?"

"ஓட்டறது நான்மா. இவரு இல்லை."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீங்க இவருக்குக் கிடைக்கக்கூடிய வாகனம்" என்று சொல்லி, என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

இந்த வாழ்க்கையில் என்னை என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். வாகனம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மேல்முறையீட்டுக்கு ஒரே வழி இருந்தது. அடுத்த பொதுக்கூட்டத்தில் டெல்மர் எல்லோர் முன்னாலும் எழுந்து, தன்னால் ஏன் ஓட்ட முடியாது என்று சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அவரை ஏற்றிச் செல்ல அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை என்பதும் அதே கூட்டத்தில் தெரியவேண்டும். "பொது இடத்துல சொன்னாத்தாங்க அது உண்மை" என்றாள் அந்த அம்மாள், ஜன்னலை மூடிக்கொண்டே.

திரும்பி வந்து அவர் வாசலில் காரை நிறுத்தினேன். இறங்கும்போது டெல்மர், "எல்லாரும் வருவாங்களா?" என்றார்.

"காபி இலவசம்னு போட்டிருக்காங்க. வராம இருப்பாங்களா?"

வந்தார்கள். வெண்டல் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். எங்கள் தேவாலயத்துப் பாஸ்டரம்மா மேரிபெத் வந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற கேரி, ஜானிஸ், பின்வரிசையில் கறுப்புத் தொப்பியோடு மோஸஸ், இன்னும் நாற்பது பேர். டெல்மர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். அதை இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வலிப்பு வருது. லைசென்ஸ் இல்லை. வாசல்ல வண்டி ஓட்டிக் காட்டறது சும்மா. ஆர்லிஸைப் பாக்கப் போக ரயில விட்டா எனக்கு வேற வழி இல்லை" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

இப்போது எங்கள் ஊரின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாராவது தன் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், கேட்டவர் ஐந்து எண்ணுவதற்குள் உதவிக்கு முன்வர வேண்டும். சத்தமாகவும் வர வேண்டும். கஷ்டப்படுகிறவர் உடனே, "ஐயோ, அதெல்லாம் வேண்டாம்" என்பார். முன்வந்தவர், "உண்மையாத்தான் சொல்றேன்" என்பார். "இல்ல, இல்ல" என்று மூன்று தடவை ஆனதும் இரண்டு பக்கமும் நிம்மதியாகக் காபி குடிக்கப் போகும். கேட்டது மரியாதை, மறுத்தது மரியாதை, யாரும் எங்கேயும் போக வேண்டியதில்லை. நூறு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது.

முதலில் எழுந்தது வெண்டல். குடிகாரன் என்று சொன்ன குற்ற உணர்ச்சியில் குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. "ஏம்பா டெல்மர், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் கூட்டிட்டுப் போறேன்!"

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம் வெண்டல்."

"பெயர்?" என்றார் இயக்குநர் ஹால்வர்சன், ஒரு பேனாவைத் திறந்து.

"வெண்டல் க்ரூகர். உண்மையாத்தான் சொல்றேன்!"

"நானும் இருக்கேன் டெல்மர்" என்றார் கேரி.

"எங்க சபையே இருக்கு" என்றார் பாஸ்டரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நான் எப்படியும் நகரத்துக்குப் போறவதான்" என்றாள் ஜானிஸ். அவள் கடைசியாக நகரத்துக்குப் போனது பல் பிடுங்க, ஆறு வருஷத்துக்கு முன்னால்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். டெல்மர் ஒவ்வொருவரிடமும் வேண்டாம், வேண்டாம் என்றார். மறுப்பை எழுதக் கட்டம் இல்லை. ஹால்வர்சன் பதினான்கு பெயர்களை எழுதி, பேனாவை மூடினார். முகம் பிரகாசமாக இருந்தது.

"இதுதாங்க நம்ம சமூகம்! அரசாங்கம் செய்ய வேண்டியதை அன்பு செய்யுது. அன்புக்கு மானியம் வேண்டாம், அதிகாரி வேண்டாம், எங்களுக்கு மேற்பார்வை வேலைகூட இல்லை. கிடைக்கக்கூடிய வாகனம் பதினாலு. ஏற்கெனவே இருந்த ஒண்ணையும் சேர்த்தா பதினஞ்சு. திரு நைகார்ட் விருப்பப் பயணிதான். ரயிலை நிறுத்தற தீர்மானத்தை..."

மண்டபம் கைதட்டியது. தாங்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று ஒருவர் சொல்லிக் கேட்கிறபோது யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? டெல்மர் மட்டும் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன்.

"அந்தப் பதினஞ்சாவது வாகனம் நான்தாங்க. எழுதிக்குங்க. லவோன் ஸ்டேஹ்லி. டெல்மரை நான் ஏத்திக்க மாட்டேன்."

கைதட்டல் பாதியில் நின்றது. எங்கள் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. பாஸ்டரம்மா சிலுவையைத் தொட்டுக்கொண்டார்.

"கோபத்துல பேசாதீங்கம்மா" என்றார் இயக்குநர். "என்ன காரணம்?"

"காரணத்துக்குக் கட்டம் இருக்கா?"

அவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். "இல்லை."

"அப்ப எழுதுங்க, வாகனம் வரமாட்டேங்குதுன்னு." பிறகு திரும்பினேன். "வெண்டல், போக வர நூத்தியெண்பது மைல். செவ்வாய், வியாழன், சனி. ஜனவரியிலயும் பிப்ரவரியிலயும். கடைய யார் பாப்பா? பாஸ்டரம்மா, சனிக்கிழமை கல்யாணம் வந்தா? நீங்க எல்லாரும் சேர்ந்து ரெண்டே ரெண்டு தடவை விட்டுட்டா ஆர்லிஸ் இவர்கிட்ட யார் வேணும்னு கேப்பா. இவரைத் திரும்ப அவ ஞாபகத்துல ஏத்த ரெண்டு மாசம் ஆகும். அதுக்கு யாரு முன்வர்றீங்க?"

காபி இயந்திரம் மட்டும் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

வெண்டல் மெதுவாக எழுந்தார். காது வரைக்கும் சிவந்திருந்தது. "டெல்மர்... நான் உன்னை... கூட்டிட்டுப் போக மாட்டேம்பா. மன்னிச்சுக்கோ."

டெல்மர் நிமிர்ந்தார். "ரொம்ப நன்றி வெண்டல்."

"என்னாலயும் முடியாது டெல்மர்" என்றார் கேரி. "முடியும், ஆனா மாட்டேன். அப்படித்தான சொல்லணும் லவோன்?"

"அப்படித்தான்."

"நன்றி கேரி."

"நான் நகரத்துக்கெல்லாம் போறதே இல்லை. சும்மா சொன்னேன்" என்று அழுதுவிட்டாள் ஜானிஸ்.

"பரவாயில்லம்மா. நன்றி."

பாஸ்டரம்மாதான் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். முதலில் கண்ணை மூடி ஜெபித்தார். "சபை சார்பில், நைகார்ட் சகோதரரைக் கைவிடுகிறோம்" என்றார், ஆராதனையில் பேசுகிற குரலில். பதினான்கு பேரும் மன்னிப்புக் கேட்டு முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. ஹால்வர்சன் ஒவ்வொருவரிடமும், "உறுதியாவா? நல்லா யோசிச்சீங்களா?" என்று கேட்டு, எழுதிய பெயரை அடித்தார். அடிக்க அடிக்க அவர் முகம் வாடியது. இந்த ஊரைப் பற்றி அவர் வைத்திருந்த நல்ல அபிப்பிராயம் போய்விட்டது போலும்.

கடைசியில் எண்ணிப் பார்த்து, "நிர்ப்பந்தப் பயணி பன்னிரண்டு. ரயில் ஓராண்டு நீட்டிப்பு" என்றார், இரங்கல் செய்தி வாசிப்பதுபோல.

வெளியே வந்தால், மண்டபத்து வாசலில் ஹால்வர்சனே நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார். டெல்மர் யார் காரில் ஏறுகிறார் என்று பார்க்க. இந்த இயக்குநரைப் பற்றி நான் சந்தேகப்பட்டதில் ஒன்றுகூட வீண் போகவில்லை.

டெல்மர் என் காரைப் பார்த்தார், நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு சாலையோரப் புல்லில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். நான்கு மைல். வலிப்பு வருகிற மனிதர், தனியாக.

நான் காரைக் கிளப்பி அவர் பின்னாலேயே போனேன், அவர் நடக்கிற வேகத்தில், ஆபத்து விளக்கைப் போட்டுக்கொண்டு. எனக்குப் பின்னால் வெண்டல். அவருக்குப் பின்னால் பாஸ்டரம்மா, கேரி, ஜானிஸ், நாற்பது கார்கள். யாரும் முந்தவில்லை. முந்துவது அநாகரிகம், ஏற்றுவது சட்டவிரோதம். எங்களுக்குப் பின்னால் மக்காச்சோள லாரிகள் சேர்ந்தன, பள்ளிப் பேருந்து சேர்ந்தது. நான் ஜன்னலை இறக்கினேன்.

"கால் வலிக்குதா?"

"இல்லை."

"ஏறிக்கிறீங்களான்னு கேக்க மாட்டேன்."

"தெரியும்."

பாதி வழியில் டெல்மர் ஷூ கயிறு கட்டக் குனிந்தார். நாற்பது காரும் நின்றன.

இரண்டு வாரம் கழித்து ஆணையம் மறுபடி கூடியது. அன்று பிற்பகல் அந்தச் சாலையில் வாகனங்கள் மணிக்கு மூன்று மைல் வேகத்தில் ஊர்ந்ததாக அறிக்கை வந்திருந்தது. நான்கு வழிச் சாலையை ஆறு வழியாக்க முடிவு செய்தார்கள். கணக்கெடுப்பு இல்லை. ஓட்டுகிறவர்கள் நிர்ப்பந்தத்தில் ஓட்டுகிறார்களா, விருப்பத்தில் ஓட்டுகிறார்களா என்று யாரையும் கேட்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிஷம் ஆயிற்று, அதில் ஒரு நிமிஷம் மைக் வேலை செய்யவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் டெல்மர் ரயிலிலிருந்து இறங்கி வரும்போது நான் தற்செயலாக வாசலில் நின்றிருந்தேன்.

"ஆர்லிஸ் எப்படி இருக்கா?"

"தெரிஞ்சுக்கிட்டா. ஏன் லேட்டுன்னு திட்டினா."

"நடந்ததைச் சொன்னீங்களா?"

"எல்லாத்தையும் சொன்னேன். ஊரே எழுந்து நின்னு, ஒவ்வொருத்தரா, என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டோம்னு சொன்னாங்கன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சா."

"என்ன சொன்னா?"

டெல்மர் தன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டே சொன்னார்.

"நல்ல ஜனங்கன்னா."